கயிறு அறுந்துபோகவில்லை, அக்கா

எனக்கு முதன்முதலில் இரட்டைப் பின்னல் போட்டுவிட்ட பியூலா அக்காவுக்கு,

நீ போய் நான்கு மாதமாகிறது. இன்னும் நான் என் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் இருக்கும்போதும், மருந்துக்கடையில் மாத்திரை எண்ணும்போதும் கை திடீரென்று நின்றுவிடுகிறது. "என்ன ஷெரின், கை நோகுதோ?" என்று பக்கத்தில் நிற்பவர்கள் கேட்கிறார்கள். நோவில்லை. என்னவென்று சொல்ல எனக்கும் தெரியவில்லை.

இதை உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் ஊரும் வாசிக்கட்டும் என்று பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். கயிறு அறுந்து நீ விழுந்தாய் என்றுதான் எல்லோரும் கதைத்தார்கள். செய்தியும் அப்படித்தான் வந்தது. அந்தக் கதை என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லில் தொடங்கியது. கயிறு அறுந்துபோகவில்லை, அக்கா. கடைசி நொடியில் அது உனக்கு விளங்கியதா? விளங்கியிருக்கக் கூடாது என்று ஒரு நாள் நினைக்கிறேன். விளங்கியிருக்கவேண்டும் என்று இன்னொரு நாள் நினைக்கிறேன்.

உன்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். சண்டிலிப்பாயில், புகையிலைத் தோட்டங்களுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா இல்லை. அம்மா, நீ, நான். நீ வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுப்பவள். முதல் வேலை மலையகத்தில் கிடைத்து ஆறு வருடம் அங்கே இருந்தாய். அங்கேதான் சிநேகிதர்களோடு பாறை ஏறப் பழகினாய். இடமாற்றம் கிடைத்து வீட்டுக்கு வந்தபோது உன் பெட்டியில் சேலைகளைவிட இடுப்புப் பட்டிகளும் இரும்புக் கொளுக்கிகளும்தான் கூட இருந்தன. அம்மா ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"யாழ்ப்பாணத்திலை ஏறுறதுக்கு என்ன கிடக்கு? தண்ணித் தாங்கியிலையோ ஏறப்போறாய்?"

தட்டையான ஊர்தான். ஆனாலும் நீ தேடிக் கண்டுபிடித்தாய். காங்கேசன்துறைப் பக்கத்தில் சீமெந்துக்காகச் சுண்ணக்கல் வெட்டிய பெரிய கிடங்கு. பல வருடம் இராணுவத்தின் கையில், யாரும் போகமுடியாமல் இருந்து பிறகு விடுபட்ட காணிகளுக்குள் அது கிடந்தது. லொறிகள் இறங்கிய பழைய பாதையால் கீழே போனால் சுற்றிவர வெள்ளைச் சுவர். சில இடங்களில் ஐம்பது அடிக்கு மேல். மற்ற ஊர்களில் ஏறுவதற்கு மலைக்குப் போவார்கள். நாங்கள் கிடங்குக்குள் இறங்கினோம்.

அங்கே உனக்குத் துணையாக வந்தவர் றிஸ்வான் நானா. யாழ்ப்பாணம் ரவுனில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு ஊரைவிட்டு அனுப்பப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்து திரும்பி வந்த குடும்பம். வளைகுடாவில் பத்து வருடம் உயரக் கட்டடங்களின் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கித் துடைத்தவர். கிடங்கின் மேல் விளிம்பில் கல்லைத் துளைத்து இரும்பு வளையங்கள் பூட்டியது அவர்தான். கயிறும் அவர் கொண்டுவந்தது. அதை வெயிலில் கூட விடமாட்டார். ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் சுருட்டி வைப்பார்.

ஒரு சனிக்கிழமை காலை, நீ அங்கே இருப்பாய் என்று தெரிந்து, புட்டுக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் வந்தேன். மேல் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தேன். சுவரின் நடுவில் நீ நின்றாய். கயிறு இல்லை. நான் இரண்டு தரம் பார்த்தேன். உன் இடுப்பிலிருந்து ஒன்றும் போகவில்லை. வலது காலின் விரல்கள் மட்டும் ஒரு சின்னக் கல் விளிம்பில் நின்றன. காற்றில் உன் சட்டை அடித்துக்கொண்டிருந்தது.

கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் நீ திரும்பிப் பார்ப்பாய் என்று நினைத்ததும் சால்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன். நீ மேலே வந்து சேர எவ்வளவு நேரமானது என்று எனக்குத் தெரியாது. பயந்து களைத்த ஒரு முகத்தைத்தான் நான் எதிர்பார்த்தேன். தேவாலயத்தில் திருவிருந்து எடுத்துவிட்டு எழும்புகிறவளின் முகம்போல உன் முகம் அமைதியாக இருந்தது. அது என்னை இன்னும் பயப்படுத்தியது.

"எப்ப வந்தனி?" என்றாய்.

"உனக்கு விசரோ? கயிறு எங்கை?"

"பையுக்கை கிடக்கு."

என் பக்கத்தில் இருந்து புட்டுப் பொதியைத் திறந்தாய்.

"பயமில்லையோ அக்கா?"

"பயம் இருக்கு. பயம் இருக்கேக்கைதான் கை வடிவா வேலை செய்யுது. ஒவ்வொரு பிடியையும் மூண்டுதரம் தட்டிப் பாப்பன். வேறை ஒண்டும் மண்டைக்குள்ளை இராது. ஆஸ்பத்திரியிலை கத்திறவையின்ரை சத்தமும் இராது."

"விழுந்தா?"

"ஒரு நாளைக்கு நான் எத்தினை முறிஞ்ச கால் படம் பிடிக்கிறன் தெரியுமோ? எல்லாம் மோட்டார் சைக்கிள். பாறையிலை இருந்து விழுந்தெண்டு ஒருத்தரும் வரேல்லை."

அவ்வளவு படித்த நீ அதை எப்படி நம்பினாய்? ஊர் முழுக்க மோட்டார் சைக்கிள் ஓடுகிறது. பாறை ஏறுகிறவர்கள் குடாநாட்டில் நீங்கள் ஐந்தாறு பேர். அது உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் உன்னையே ஏமாற்றிக்கொண்டாயா?

பிறகு இன்னொன்றும் சொன்னாய். புட்டை வாயில் போட்டுக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாய்.

"சின்னனிலை, சண்டை நேரம், ஷெல்லுக்கு நாங்கள் எவ்வளவு பயந்தனாங்கள். அதெல்லாம் ஆரோ எங்கடை தலையிலை கொண்டுவந்து போட்ட பயம். இது நானாத் தெரிஞ்செடுத்தது. எப்ப இறங்கிறதெண்டும் எனக்குத் தெரியும்."

நான் வெறும் புட்டுப் பொதியைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன்.

அடுத்த கிழமை நான் றிஸ்வான் நானாவிடம் போய்க் கேட்டேன். அவர் தெரியாததுபோல நடிக்கவில்லை.

"நான் சொல்லிக் களைச்சிட்டன் தங்கச்சி. ஒருநாள் பிடி கழண்டு கல்லு கையோடை வந்திட்டுது. மற்றக் கையிலை தொங்கினவ. இறங்கி வந்து சிரிச்சவ. எனக்கு ரெண்டு நாள் சாப்பாடு இறங்கேல்லை. அடுத்த கிழமை அதைவிடக் கஷ்டமான இடத்திலை ஏறினவ. தப்பினது தன்ரை கெட்டித்தனம் எண்டு அவவுக்கு. நான் அதை அப்பிடிப் பாக்கேல்லை."

அதன் பிறகுதான் நான் உன்னோடு சண்டை பிடித்தேன். கயிற்றோடு ஏறு, இல்லையென்றால் அம்மாவிடம் சொல்லுவேன் என்றேன். மூன்று நாள் நீ என்னோடு கதைக்கவில்லை. நான்காம் நாள் காலை, வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாய்.

"சரி. நீ கயித்தைப் பிடிக்கிறதெண்டா நான் கயித்தோடை ஏறுறன்."

இப்படித்தான் நான் கிடங்குக்கு வந்தேன். கயிறு உன் இடுப்பிலிருந்து மேலே வளையத்துக்குப் போய்த் திரும்பி என் இடுப்புக்கு வரும். நீ ஏற ஏற நான் தளர்வை இழுத்து எடுக்கவேண்டும். நீ மேலே போய்ச் சேர்ந்ததும் கையை விட்டுப் பின்னால் சாய்வாய். உன் பாரத்தை நான் தாங்கி மெல்ல மெல்ல இறக்கவேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

முடிச்சையும் நீதான் காட்டித் தந்தாய். முதலில் கயிற்றில் எட்டுப்போல ஒரு முடிச்சு. பிறகு நுனியை இடுப்புப் பட்டிக்குள்ளால் எடுத்து, வந்த வழியே திரும்பவும் அந்த எட்டு முழுவதும் ஓட்டவேண்டும். முதல் பாதியோடு விட்டாலும் பார்வைக்கு முடிச்சுப் போலத்தான் இருக்கும். ஆனால் அது ஒன்றையும் பிடிக்காது. அதனால் நிலத்தைவிட்டுக் கால் எடுக்குமுன் ஒருவர் முடிச்சை மற்றவர் பார்க்கவேண்டும் என்பது றிஸ்வான் நானாவின் கட்டளை.

முதல் கிழமைகளில் பார்த்தோம். நான் உன் முடிச்சை இழுத்து இழுத்துப் பார்ப்பேன், நீ சிரிப்பாய். பிறகு இழுப்பது நின்று கண்ணால் பார்ப்பது மட்டும் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. எந்தச் சனிக்கிழமை அது நின்றது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வருகுதில்லை. நிறுத்துவோம் என்று நாங்கள் முடிவெடுக்கவும் இல்லை. மருந்துக்கடையில் ஒரு பனடோல் அட்டைக்குக்கூடப் பெயரை இரண்டு தரம் வாசித்துத்தான் கொடுக்கிறேன். உன் முடிச்சை ஏன் வாசிக்காமல் விட்டேன்?

அன்றைக்கும் சனிக்கிழமைதான். நல்ல வெயில், காற்றில்லை. நீ ஏற வந்தது எல்லாவற்றிலும் இலகுவான சுவர். நானே இரண்டு முறை ஏறிய சுவர். றிஸ்வான் நானா மேலே வளையங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ எனக்கு முன்னால் நின்று, எட்டைப் போட்டு, நுனியைப் பட்டிக்குள்ளால் எடுத்தாய். அப்போது என் போன் அடித்தது. அம்மா.

"பிள்ளை, மீன்காரர் படலையடியிலை நிக்கிறார். விளைமீனும் பாரையும் இருக்காம். எதை வாங்கிறது? அக்காவைக் கேள்."

நான் கேட்டேன். நீ தலையை நிமிர்த்தினாய். உன் கை கயிற்றைவிட்டு எடுபட்டதை நான் பார்த்தேன். பார்த்தேன் அக்கா. ஆனால் அதில் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

"விளைமீன். பொரிச்சுப் போடாமல் புளி விட்டுக் குழம்பு வைக்கச் சொல்லு. போன கிழமையும் பொரிச்சுப்போட்டா."

நான் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா சிரித்தார். நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே கைக்கு வெள்ளைத் தூளைப் பூசிக்கொண்டு சுவருக்குத் திரும்பினாய். நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கயிற்றை எடுத்தேன்.

நீ ஏறினாய். ஒரு இடத்திலும் தடக்கவில்லை. அந்த அரைமுடிச்சு உன்னோடு ஐம்பது அடி வந்திருக்கிறது. மேலே வளையத்தைத் தொட்டுவிட்டுக் கீழே பார்த்தாய்.

"பிடிச்சிருக்கிறியோ?"

"ஓம்."

"அப்ப விடுறன்."

உன் பாரம் வரும் என்று நான் உடம்பைப் பின்னால் கொடுத்து நின்றேன். பாரம் வரவில்லை. நான் மல்லாந்து விழுந்தேன். அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை உனக்குச் சொல்லவேண்டும். "ஏன் நான் விழுந்தனான்?" என்றுதான் நினைத்தேன். உன்னைப் பற்றியல்ல, என்னைப் பற்றி. அதற்குள் சத்தம் கேட்டது. நீ கத்தவில்லை. அது கல்லில் பட்ட சத்தம்.

மேலே பார்த்தேன். கயிறு வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனிக்குக் கிட்ட ஒரு எட்டு, தனியாக. றிஸ்வான் நானா விளிம்பில் முழங்காலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி லொறிப் பாதையால் ஓடி வந்தார்.

உன்னை நீ வேலை செய்கிற இடத்துக்கே கொண்டுபோனோம். வாகனத்தில் உன் தலை என் மடியில் இருந்தது. நீ ஒன்றும் கதைக்கவில்லை. வாசலில் தள்ளுகட்டிலைக் கொண்டுவந்த மனிதர் என்னைப் பார்த்து, "பியூலா மிஸ் இண்டைக்கு லீவெல்லோ, தங்கச்சி ஆரைக் கொண்டுவாறியள்?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே குனிந்தார். பிறகு கட்டிலை விட்டுவிட்டுச் சுவரோடு போய் நின்றார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தோம். குசினியில் குழம்பு மூடி இருந்தது. புளி விட்ட விளைமீன். அதை யார் கொண்டுபோய் ஊற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது.

பொலிஸில் கேட்டார்கள். "என்ன நடந்தது?" நான், "கயிறு விட்டிட்டுது" என்றேன். வேறு சொல் அப்போது என்னிடம் இருக்கவில்லை. எழுதினவர் "கயிறு அறுந்ததால்" என்று எழுதினார். வாசித்துக் காட்டினார். எனக்குக் காதில் விழுந்தது. கையெழுத்து வைத்தேன்.

அதற்குப் பிறகு அந்தச் சொல் தன்பாட்டில் நடந்தது. அறுந்த கயிறு யாருடையது? சைக்கிள் கடைக்காரருடையது. பழைய கயிற்றைக் கொடுத்திருக்கிறார். அவர் எங்கிருந்து வந்தவர்? "அவையை நம்பி உந்தப் பிள்ளை ஏன் போனது?" என்று எங்கள் வீட்டு முற்றத்திலேயே ஒருவர் கேட்டார். நான் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை. றிஸ்வான் நானாவைப் பொலிஸுக்கு மூன்று தரம் கூப்பிட்டார்கள். உன் அடக்க ஆராதனைக்கு வந்தவர் தேவாலயத்துக்கு வெளியே, மதிலோடு நின்றுவிட்டுப் போனார். அம்மா அவரைக் கண்டார். வீட்டுக்கு வந்து சொன்னார்.

"அந்தக் கயித்தைக் குடுத்தவன்ரை முகத்திலை நான் முழிக்கமாட்டன்."

இரண்டு மாதம் நான் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தேன் அக்கா. உண்மையைச் சொன்னால் உன் பிழை வெளியே வரும். என் பிழை வெளியே வரும். அதெல்லாவற்றையும் விட, அந்தப் போன் வெளியே வரும். அம்மாவிடம் நான் எப்படிச் சொல்லுவது?

கடைசியில் ஒருநாள் றிஸ்வான் நானாவின் கடைக்குப் போனேன். கதவு பாதிதான் திறந்திருந்தது. அவர் ஒரு சைக்கிள் சில்லைத் திருப்பித் திருப்பிக் கம்பி இறுக்கிக்கொண்டிருந்தார். கடையில் வேறு சைக்கிள் இல்லை.

"நானா, நீங்கள் மேலை நிண்டு பாத்தனீங்கள்தானே?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

அவர் சில்லை நிறுத்தினார். "சொன்னா உங்களைக் கேப்பினம். உங்களைக் கேட்டா அம்மாவின்ரை போன் வரும். நீங்கள் அக்காவைக் கேட்ட சத்தம் மேலை எனக்குக் கேட்டது தங்கச்சி. மீன்கதை. எனக்குப் பேச்சு விழுந்தா விழட்டும். சனம் கொஞ்ச நாளிலை மறந்திடும்."

"மறந்ததோ?"

அவர் சில்லைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு வேறொன்று சொன்னார்.

"வளைகுடாவிலை என்னோடை வேலை செய்தவையிலை விழுந்தது ஒருத்தரும் புது ஆக்கள் இல்லை. புதுசா வாறவன் பயத்திலை பத்துத்தரம் பாப்பான். அக்காவும் கயிறில்லாமல் ஏறேக்கை பத்துத்தரம் பாத்தவ. கயிறு கட்டினாப் பிறகு, இனி ஒண்டும் நடவாது எண்டு மனம் விட்டிடும். அந்த நேரம் கண்ணுக்கு முன்னாலை இருக்கிறதும் தெரியாது. உங்களிலை பிழையில்லை."

நீ கயிறு கட்டியது நான் கேட்டதற்காக. உன்னைக் காப்பாற்றத்தான் கேட்டேன். கேட்காமல் விட்டிருந்தால் நீ இருந்திருப்பாயா? அல்லது ஒருநாள் அந்தக் கழன்ற கல்லோடேயே போயிருப்பாயா? இதற்கு யாரிடம் பதில் இருக்கிறது?

அன்று மத்தியானமே அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். முடிச்சு, கயிறு, போன். கயிறில்லாமல் நீ ஏறியதை மட்டும் சொல்லவில்லை. அவர் அழவில்லை.

"எந்தப் போன்?" என்றார். பிறகு, "காட்டு" என்றார்.

என் போனில் அந்த அழைப்பு இன்னும் இருந்தது. நாற்பத்தொரு செக்கன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை நெடுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு நேரந்தானோ?" என்றார்.

இரண்டு நாள் அவர் என்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அவரையும் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் காலை, ஆலயத்துக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையோடு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"வெளிக்கிடு."

"எங்கையம்மா?"

"எழுதினதை மாத்த வேணும்."

மரண விசாரணை அதிகாரி எங்களைக் கதிரையில் இருத்தினார். பொலிஸில் அவிழ்த்துப் பார்க்காமல் கிடந்த கயிற்றை எடுப்பித்தார். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அதை மேசையில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை. நான் எழும்பி, அவருடைய கதிரைக் கையில் நீ கட்டியதுபோலவே எட்டைப் போட்டு, நுனியை உள்ளால் எடுத்து, அதோடு விட்டேன். நின்ற பொலிஸ்காரரிடம் இழுக்கச் சொன்னேன். அவர் இழுத்தார். கயிறு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அவர் வெறுங்கயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

அப்போது அம்மா சொன்னார். "ஐயா, அவள் முடிச்சுப் போடேக்கை நான் போன் எடுத்தனான். மீன் வாங்க. அதையும் எழுதுங்கோ."

"அம்மா, அதை எழுதத் தேவையில்லை" என்றார் அதிகாரி.

"எழுதுங்கோ. ஒருத்தன் செய்யாததை அவன்ரை பேரிலை எழுதிப்போட்டியள். நான் செய்ததை என்ரை பேரிலை எழுத ஏன் யோசிக்கிறியள்?"

அவர் எழுதினார். அம்மா வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்து வைத்தார். அங்கிருந்து நேரே சைக்கிள் கடைக்கு ஓட்டோ பிடிக்கச் சொன்னார். றிஸ்வான் நானா அம்மாவைக் கண்டதும் எழும்பி, கிறீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றார். அம்மா அவருக்குக் கிட்டப் போய், அவருடைய முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, நான் உம்மைப் பிழையா நினைச்சிட்டன்" என்றார். நானா உள்ளே போய் ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்தார்.

போன கிழமை அம்மா கிடங்கைப் பார்க்கவேண்டும் என்றார். மூவரும் போனோம். லொறிப் பாதையால் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். சுவருக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"நான் இன்னும் உயரமெண்டு நினைச்சனான்" என்றார்.

றிஸ்வான் நானா பையிலிருந்து நட்டுக் கழற்றும் பெரிய சாவியொன்றை எடுத்தார். மேலே இருக்கிற வளையங்களைக் கழற்றப்போவதாகச் சொன்னார். இனி ஒருவரும் இங்கே ஏறவேண்டாம், அந்தப் பழி தனக்கு வேண்டாம் என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

"கழட்டாதேயும் தம்பி" என்றார் அம்மா.

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

"இவளைப்போலை ஆரும் வருவினம். வளையம் இல்லையெண்டு திரும்பிப் போகமாட்டினம். கயிறில்லாமல் ஏறுவினம்."

"அம்மா, அக்கா கயிறில்லாமல் ஏறினது உங்களுக்கு..."

"தெரியும். அவள்ரை உடுப்புத் தோய்க்கிறது நான்தானே. முழங்காலிலை, நெஞ்சிலை எல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு இருக்கும். சில கிழமை இடுப்பிலை பட்டி இறுக்கின தடம் இராது."

"ஏன் அவளைக் கேக்கேல்லை?"

"கேட்டா விடுவாளோ? எனக்கு ஒளிச்சு வேறை எங்கையும் போவாள். பட்டித் தடம் திரும்பிக் கண்ட நாள் நான் முழங்காலிலை நிண்டு செபம் பண்ணினனான், பிள்ளை. நீதான் ஏதோ செய்திருக்கிறாய் எண்டு எனக்குத் தெரியும்."

அக்கா, நான் உன்னை அம்மாவிடம் சொல்லுவேன் என்று பயப்படுத்தினேன். நீ அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று கயிறு கட்டினாய். அம்மா எங்கள் இருவருக்கும் தெரியாமல் உன் சட்டைகளை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு வீட்டில் மூன்று பேர். ஒருவருக்கொருவர் ஒளித்து, ஒருவருக்கொருவர் பயந்து, ஒருவரை ஒருவர் எவ்வளவு விரும்பியிருக்கிறோம். வாய் திறந்து ஒருநாள் கதைத்திருந்தால்?

றிஸ்வான் நானா சாவியைத் திரும்பப் பைக்குள் வைத்தார். வளையங்கள் அங்கேயே இருக்கின்றன.

அம்மா இன்னும் போனைத் தொடுவதில்லை. மணி அடித்தால் நான்தான் எடுத்துக் கொடுக்கவேண்டும். நேற்று அவர் என்னிடம் ஒரு துண்டுக் கயிறு கேட்டு வாங்கினார். மேசைக் காலில் அந்த முடிச்சைப் போடப் பழகுகிறார். எதற்கென்று நான் கேட்கவில்லை. பிறகு, இனிக் கேட்காமல் இருக்கக்கூடாது என்று நினைத்துக் கேட்டேன். "அவள் எங்கை விட்டவள் எண்டு என்ரை கைக்குத் தெரியவேணும்" என்றார்.

உன்னில் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை ஒளிக்கப்போவதில்லை. நீ சாவைத் தேடிப் போனவள் என்று யாராவது சொன்னால், இல்லை, அன்றைக்கு மத்தியானம் புளிக் குழம்பு கேட்டவள் என்று சொல்லுவேன். நீ வீராங்கனை என்று சொன்னால் அதையும் நிறுத்திவிட்டு அந்தக் கழன்ற கல்லைச் சொல்லுவேன்.

வருகிற சனிக்கிழமையிலிருந்து நான் கிடங்கில் நிற்பேன். நான் ஏறமாட்டேன். ஏற வருகிறவர்கள் முடிச்சைக் கட்டி முடிக்குமட்டும் அவர்களோடு ஒரு சொல்லும் கதைக்கமாட்டேன், கதைக்க விடவும் மாட்டேன். அவர்கள் கால் நிலத்தைவிட்டு எழும்புமுன் அந்த எட்டின் ஒவ்வொரு வளைவையும் விரலால் தொட்டுப் பார்ப்பேன். எத்தனை வருடமானாலும், எத்தனை இலகுவான சுவரானாலும், எவ்வளவு பழகினவர்களானாலும். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

கயிற்றின் மறுமுனையில் நின்ற
உன் தங்கச்சி,
ஷெரின்